பருப்பு நன்றாக வேகும் தண்ணீர்: எங்கள் ஊர் போர்வெல்களில் புளோரைடு அளந்த பதிவு

எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீருக்கு மூன்று அடையாளம் சொல்வார்கள். வாயில் ஊற்றினால் உப்புக் கரிக்கக் கூடாது, சோப்பு நன்றாக நுரைக்க வேண்டும், துவரம்பருப்பு சீக்கிரம் வேக வேண்டும். நாங்கள் அளந்து பார்த்தபோது, இந்த மூன்றிலும் தேறிய போர்களில்தான், அதாவது ஆழ்துளைக் கிணறுகளில்தான், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடு அதிகமாக இருந்தது. எல்லாவற்றிலும் என்று சொல்லவில்லை, ஆனால் ஊரே தேடிப்போய்க் குடம் பிடித்த போர்களில் பாதிக்கு மேல். இதைக் கண்டுபிடித்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எந்த ஊரில் இருப்பவர்களும் இதைச் செய்யலாம், செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

நான் பாலக்கோட்டுக்கும் பென்னாகரத்துக்கும் இடையில் ஒரு ஊராட்சியில் மோட்டார் மெக்கானிக். சப்மெர்சிபிள் இறக்குவது, ஏற்றுவது, காயில் கட்டுவதுதான் தொழில். எந்தப் போர் எத்தனை அடி, எத்தனை அடியில் தண்ணீர் பிடித்தது, எந்த வறட்சியில் மேலும் ஆழப்படுத்தினார்கள் என்பதெல்லாம் என் பழைய பில் புத்தகங்களில் கிடக்கிறது. எங்கள் குழுவில் இன்னும் சிலர் உண்டு. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கிட் கொடுத்துப் பயிற்சி தருகிறார்களே, அப்படிப் பயிற்சி பெற்ற மகளிர் குழு அக்கா ஒருவர். கல்லூரியில் வேதியியல் நடத்தும் ஒரு சார். பள்ளிப் பிள்ளைகள் சிலர். பாட்டில் கழுவுவதிலிருந்து நோட்டு எழுதுவதுவரை எல்லாரும் எல்லா வேலையும் செய்தோம்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 இல் தொடங்கியதே இந்த இரண்டு மாவட்டத்துப் புளோரைடு பிரச்சினைக்காகத்தான். காவிரித் தண்ணீர் வருகிறது, அப்புறம் எதற்கு போரை அளக்க வேண்டும் என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஊருக்குள் இருக்கும் வீடுகளுக்கு அது வருகிறது. ஊருக்கு வெளியே கொல்லையில், அதாவது விளைநிலத்தில், தனியாக இருக்கும் வீடுகள், தக்காளி பறிக்க வரும் ஆட்கள், செங்கல் சூளையில் தங்கியிருப்பவர்கள், இவர்களெல்லாம் பக்கத்துப் போரில்தான் குடிக்கிறார்கள். ஊருக்குள் இருக்கும் சில வயதானவர்களும் காவிரித் தண்ணீரைத் துவைக்க வைத்துக்கொண்டு, பழகிய போர்த் தண்ணீரைக் குடிக்கிறார்கள். அதனால் எல்லாப் போரையும் அளக்கவில்லை. யாராவது ஒருவர் குடிக்கிற போர் எதுவோ, அதை மட்டும் பட்டியலில் எடுத்தோம். பட்டியல் தயாரிக்கவே நிறைய நாள் பிடித்தது. ஆனால் வேலையில் பாதிப் பயன் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. அப்படி ஒரு பட்டியல் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. கோடையில் யார் எங்கே குடம் பிடிக்கிறார்கள் என்பது அந்தத் தெருக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

தண்ணீர் பிடிப்பது

இதை அவசரமாகச் செய்தால் பின்னால் வரும் எந்த எண்ணையும் நம்ப முடியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாட்டில் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். கண்ணாடி வேண்டாம், புளோரைடு கண்ணாடியோடு வினை புரியும். சோப்புத்தூள் போட்டுக் கழுவக் கூடாது. அதில் பாஸ்பேட் இருந்தால் சோதனையின் நிறத்தைக் கெடுக்கும். எந்தப் போரில் பிடிக்கிறோமோ அதே தண்ணீரில் மூன்று முறை அலசினால் போதும்.

மோட்டார் போட்டதும் வரும் தண்ணீரைப் பிடிக்கக் கூடாது. பைப்பில் நின்ற தண்ணீர் வெளியேறி, கையில் பட்டால் சூடு மாறாமல் ஒரே மாதிரி வரும்வரை ஓடவிட வேண்டும். தொட்டியில் மொள்ளாமல், தொட்டிக்குப் போகும் முன் பைப் வாயிலேயே பிடிக்க வேண்டும்.

இந்த இடத்தில் சார் சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் பிளின்ட் என்று ஒரு நகரம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க, குடிநீரை அந்த ஊர் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்காததால் பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வந்தது. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2015 இல் வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தார் பாட்டில்களை அனுப்ப, வீட்டுக்காரர்களே தங்கள் குழாயில் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். ஈயம் இருப்பது அதில் வெளியே வந்தது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே நகரம் பழைய தண்ணீருக்குத் திரும்பியது. அங்கே மக்களுக்குச் சொன்ன முறை எங்களுடையதற்கு நேர் எதிர். பல மணி நேரம் குழாயைத் திறக்காமல் வைத்து, முதலில் வரும் தண்ணீரைப் பிடிக்கச் சொன்னார்கள். ஈயம் குழாயிலிருந்து வருகிறது, அதனால் குழாயில் நின்ற தண்ணீர்தான் வேண்டும். புளோரைடு பாறையிலிருந்து வருகிறது, அதனால் நின்ற தண்ணீரைத் தள்ளிவிட வேண்டும். எதைத் தேடுகிறோம், அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகுதான் பாட்டிலைக் கையில் எடுக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க இந்த ஒரு உதாரணமே போதுமாக இருந்தது.

பாட்டில் மேல் பெயர் எழுதவில்லை, எண் மட்டும்தான். நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே போரின் ஆழம், கேசிங் (மண் சரியாமல் மேலே இறக்கும் குழாய்) எத்தனை அடி, மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது, தேதி, கடைசியாக மழை பெய்த நாள், எத்தனை குடும்பம் குடிக்கிறது என்று எழுதினோம். ஆழம் கேட்டால் நிலத்துக்காரர் ஒரு கணக்குச் சொல்வார், என் பில் புத்தகம் வேறு சொல்லும். இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்றும் குறித்தோம். போனில் ஜி.பி.எஸ். புள்ளியும் எடுத்தோம்.

நிறம் பார்ப்பது

கிட்டில் இருக்கும் மருந்தில் சிர்க்கோனியமும் ஒரு சாயமும் சேர்ந்து சிவப்பாக இருக்கும். தண்ணீரில் புளோரைடு இருந்தால் அது சிர்க்கோனியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சாயம் தனியாகி மஞ்சளாகும். புளோரைடு ஏற ஏற இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சள் பக்கம் நகரும். கோடு வரை தண்ணீர், அட்டையில் சொன்ன அளவு மருந்து, சொன்ன நேரம் காத்திருந்து நிற அட்டையோடு ஒப்பிடுவது. செய்முறை இவ்வளவுதான். ஆனால் சில விஷயங்கள் அட்டையில் இருக்காது.

முதலில் சூடு. எழுநூறு அடிக்குக் கீழிருந்து வரும் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும், கிணற்றுத் தண்ணீர் குளிர்ந்திருக்கும். இந்தச் சாயத்தின் நிறம் சூட்டுக்கும் மாறும். அதனால் கொல்லையிலேயே நின்று சோதிப்பதை விட்டுவிட்டோம். எல்லாப் பாட்டிலையும் பள்ளி வராந்தாவுக்குக் கொண்டுவந்து, நிழலில் வைத்து, எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் மருந்து ஊற்றினோம். பின்னால் வெள்ளைத் தாள் வைத்துப் பார்க்க வேண்டும். போனில் படம் எடுத்து அதில் நிறம் பார்க்கக் கூடாது, போன் தன் விருப்பத்துக்கு வெள்ளையை மாற்றிக்கொள்ளும். படம் சாட்சிக்கு மட்டும்.

அடுத்தது குளோரின். பிளீச்சிங் பவுடர் போட்ட மேல்நிலைத் தொட்டித் தண்ணீரை அப்படியே சோதித்தால் குளோரின் சாயத்தை வெளுக்கவைத்து, புளோரைடு இல்லாமலேயே அதிகம் இருப்பதுபோல் காட்டும். குளோரின் கலக்கும் முன் பிடிக்க வேண்டும், முடியாவிட்டால் திறந்த பாத்திரத்தில் ஊற்றி குளோரின் போகும்வரை வைத்திருந்து அப்புறம் பார்க்க வேண்டும்.

மூன்றாவது நம் கண். சார் கல்லூரி ஆய்வகத்தில் 0.221 கிராம் சோடியம் புளோரைடை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தார். அது லிட்டருக்கு 100 மில்லிகிராம் புளோரைடு. அதில் 10 மில்லி எடுத்து ஒரு லிட்டராக்கினால் 1 மி.கி., 15 மில்லி எடுத்தால் 1.5, 20 மில்லி எடுத்தால் 2. சோடியம் புளோரைடு விஷம், அதனால் இதை ஆய்வகத்தில் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும், வீட்டில் வைத்துச் செய்யக் கூடாது. இந்தப் பாட்டில்களில் எழுத்து மட்டும் போட்டு, எது என்ன என்று சொல்லாமல் எங்கள் எல்லாரையும் படிக்கச் சொன்னார். அக்காவும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியும் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னார்கள். ஒரு தம்பிக்குச் சிவப்பும் மஞ்சளும் கலந்த இடைநிறங்கள் பிரிந்தே தெரியவில்லை. அவன் கையெழுத்து அருமையாக இருக்கும், நோட்டு அவன் பொறுப்பானது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டிலையும் இரண்டு பேர், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல் படித்தார்கள். எண் பொருந்தாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து சோதனை.

கிட்டிலிருந்து அதற்கு மீறிய துல்லியத்தை எதிர்பார்க்கக் கூடாது. 1.3 ஆ 1.4 ஆ என்று அதைக் கேட்பது வீண். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 குடிநீரில் 1 மி.கி. வரை ஏற்கலாம் என்கிறது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையும் 1.5 தான். எனவே நாங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: 1 க்குக் கீழா, 1.5 க்கு மேலா? இடையில் விழுந்தவை எல்லாம் ஆய்வகத்துக்கு. தெளிவாகத் தெரிந்தவற்றிலும் சிலவற்றைச் சேர்த்தே அனுப்பினோம். எங்கள் பக்கத்துத் தண்ணீரில் காரத்தன்மை அதிகம், அது கிட்டின் மருந்தில் உள்ள அமிலத்தைத் தின்றுவிடும் என்பதால் இந்த ஒப்பீடு கட்டாயம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுத்தோம். பிளாஸ்டிக் பாட்டிலில் புளோரைடு பல நாள் மாறாமல் இருக்கும் என்பதால் சேர்த்து வைத்து மொத்தமாகக் கொண்டுபோக முடிந்தது.

நோட்டில் தெரிந்தது

வண்டிப்பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு போர், அந்தப் பக்கம் ஒரு போர். சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஒன்று 1 க்குக் கீழே, மற்றது 2 ஐத் தாண்டி. முதல் போர் இருநூற்றைம்பது அடியில் நின்றுவிட்டது, இரண்டாவது மூன்று வறட்சியில் ஆழப்படுத்தி எழுநூறைத் தாண்டியது. ஊருக்கு ஒரு மாதிரி எடுத்து, அந்த எண்ணை ஊர் முழுவதுக்கும் போட்டால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். ஆய்வகம் எவ்வளவு நல்ல கருவி வைத்திருந்தாலும் ஒவ்வொரு கொல்லைக்கும் அதன் ஆட்கள் வர முடியாது. அதை அங்கே குடிப்பவர்கள்தான் செய்ய முடியும்.

ஏன் இப்படி என்று சார் விளக்கினார். எங்கள் பக்கத்துப் பாறை நைஸ், சார்னோகைட் வகை. அதில் பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களில் புளோரைடு இருக்கிறது. தண்ணீர் பாறை வெடிப்பில் நீண்ட காலம் தங்கினால் அது மெல்லக் கரைந்து இறங்கும். தண்ணீரில் கால்சியம் இருக்கும்வரை அது புளோரைடைப் பிடித்துக் கால்சியம் புளோரைடாகப் படியவைக்கும். ஆழத்தில் நாள்பட்ட தண்ணீரில் கால்சியம் குறைந்து சோடியம் ஏறுகிறது, காரத்தன்மையும் கூடுகிறது, புளோரைடைத் தடுக்க ஆள் இல்லை. கால்சியம் குறைந்தால் என்ன ஆகும்? சோப்பு நுரைக்கும், பருப்பு வேகும். நம் பாட்டிகள் சொன்ன அடையாளம் தவறே இல்லை. அது கடினத்தன்மையைத்தான் சரியாகச் சொல்கிறது. அவர்கள் காலத்தில் இருபது முப்பது அடிக் கிணற்றில் அந்தச் சோதனை போதுமானதாக இருந்தது. எழுநூறு அடிக்கு நாம் போன பிறகு அதே சோதனை நம்மைத் தவறான குடத்துக்கு அழைத்துப் போகிறது. அதற்காகக் கடினத் தண்ணீர் எல்லாம் பாதுகாப்பு என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கடினமாக இருந்தும் 1.5 ஐத் தாண்டிய போர்கள் எங்கள் நோட்டில் இருக்கின்றன.

ஃபில்டர் விற்க வருபவர்கள் டி.டி.எஸ். பேனாவைத் தண்ணீரில் விட்டு எண்ணைக் காட்டுவார்கள். அந்தப் பேனா மொத்தக் கரைபொருளை மின்சாரம் கடத்தும் அளவை வைத்து மதிப்பிடுகிறது. எண்ணூறு மி.கி. கரைந்திருக்கும் தண்ணீரில் 2 மி.கி. புளோரைடு அதற்குத் தெரியவே தெரியாது. புளோரைடுக்குச் சுவையும் இல்லை, நிறமும் இல்லை, வாடையும் இல்லை. காய்ச்சினால் போகாது, நீர் ஆவியாகி அடர்த்திதான் கூடும். மண்பானையும் செப்புக்குடமும் நம்பி எடுக்கும் வழிகள் அல்ல.

சொல்வது

அளப்பதைவிடச் சொல்வது கடினம். ஊரே புகழும் ஒரு போர் பெரியப்பா முறை உள்ள ஒருவருடையது. கோடையில் கேட்பவருக்கெல்லாம் திறந்துவிடும் மனிதர். அது 2 க்கு மேல் என்று நாங்கள் போய் நின்றபோது, “எங்க தண்ணியக் குடிச்சுத்தானப்பா நீயும் வளந்த” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனாலேயே கஷ்டமாக இருந்தது. அவரையே மறுபடி பாட்டில் பிடிக்கச் சொன்னோம். மூடி போட்டு அவரே வைத்திருந்து, எங்களோடு ஆய்வகத்துக்கும் வந்து கொடுத்தார். அறிக்கையும் 2 க்கு மேல்தான் சொன்னது. இப்போது குழந்தைகள் உள்ள வீட்டுக்காரர்கள் குடம் கொண்டுவந்தால், குடிக்க வேண்டாம், புழங்க எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரே சொல்கிறார். தான் மட்டும் அதையேதான் குடிக்கிறார். அதை எங்களால் மாற்ற முடியவில்லை.

குழந்தைகள் என்று குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நிலையான பல் ஈறுக்குள் உருவாகும் வயதில், சுமார் எட்டு வயதுவரை, குடிக்கும் தண்ணீரில் புளோரைடு அதிகமானால்தான் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழுகிறது. விழுந்த கறை பிறகு நல்ல தண்ணீர் குடித்தாலும் போகாது. இன்னும் அதிகமாக, பல வருடம் குடித்தால் எலும்பையும் மூட்டையும் இறுக்கும். பிள்ளைகளின் பல்லைப் பார்த்துக் கணக்கெடுக்கலாமே என்று குழுவில் பேச்சு வந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தோம். அது பல் மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. அதோடு, எந்த வீட்டுப் பெண்ணுக்குக் கறைப்பல் என்று ஒரு பட்டியல் ஊருக்குள் சுற்றக் கூடாது. நாங்கள் அளப்பது தண்ணீரை மட்டும். அதேபோல் தனியார் போர்களை வரைபடத்தில் பெயரோடு போடவில்லை. பொதுக் குழாய்களுக்கு மட்டும் மேடையில் பெயிண்டால் எழுதினோம்: “குடிக்க, சமைக்க” அல்லது “குளிக்க, துவைக்க”. கீழே சோதித்த மாதமும் வருடமும். மாதம் எழுதாத பலகை நாளடைவில் பொய்யாகிவிடும்.

சமைக்க என்பதைச் சேர்க்கச் சொன்னது அக்காதான். குடிப்பதற்கு மட்டும் நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டு, உலைக்குப் போர்த் தண்ணீர் ஊற்றும் வீடுகள் நிறைய. களியும் சோறும் அந்தத் தண்ணீரை உறிஞ்சித்தானே வேகின்றன? அதிலிருக்கும் புளோரைடும் சேர்ந்தே தட்டுக்கு வருகிறது. கேழ்வரகில் கால்சியம் நிறைய, புளோரைடு உடம்பில் சேர்வதைக் கொஞ்சம் குறைக்க அது உதவும். நல்ல தண்ணீருக்கு அது மாற்றாகாது.

உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் தமிழ்நாட்டில் கிராம சபை நடக்கிறது. பட்டியலையும் ஆய்வக அறிக்கைகளையும் அன்றுதான் வைத்தோம். “தண்ணீர் சரியில்லை” என்று மனு கொடுத்தால் எல்லா ஊர் மனுவோடும் போய்ச் சேரும். எந்த இடத்தில், எத்தனை குடும்பம், எத்தனை அடிப் போர், கிட் எண் என்ன, ஆய்வக எண் என்ன என்று ஒரே தாளில் இருந்ததால் பேச்சு நேராகத் தீர்வுக்குப் போனது. கொல்லை வீடுகள் இருக்கும் மேட்டுத் தெருவுக்குக் காவிரிக் குழாயை நீட்டத் தீர்மானம் எழுதினார்கள். குழாய் இன்னும் வரவில்லை. அதுவரை அங்கே இரண்டு வீடுகளில் ஓட்டுக் கூரையிலிருந்து மழைநீர் பிடிக்கத் தொட்டி வைத்திருக்கிறோம். முதல் மழையின் அழுக்கு நீரைத் தனியே விலக்கிவிட்டுத்தான் தொட்டிக்குத் திருப்ப வேண்டும், வலையும் மூடியும் இல்லாமல் வைக்கக் கூடாது.

இனி இருப்பது மழைக் கேள்வி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அளந்தபோது ஆழமில்லாத கிணறுகள் பலவற்றில் புளோரைடு இறங்கியது. புது மழைநீர் கலந்து நீர்த்துப் போயிருக்கும். ஆனால் ஓடையோரத்துக் கிணறு ஒன்றில் மட்டும் ஏறியது. மேல்மண்ணில் காய்ந்து படிந்திருந்தது மழையில் கரைந்து இறங்கியிருக்கலாம் என்கிறார் சார். பக்கத்தில் உடைந்து கிடந்த ஆழ்துளைப் பைப்பிலிருந்து கசிந்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஒருமுறை அளந்ததை வைத்து இரண்டில் எதையும் சொல்ல முடியாது. அந்தப் பைப்பை எடுத்து அடைத்தாயிற்று. பள்ளிக் கூரையில் நேர்ச்சுவர் உள்ள தகர டப்பாவில் மழைமானி வைத்தாயிற்று, காலை எட்டரைக்குப் பிள்ளைகள் மில்லிமீட்டர் குறிக்கிறார்கள். இந்த ஐப்பசியில் முதல் மழை விழுந்ததிலிருந்து அந்தக் கிணற்றை மட்டும் வாரம் ஒருமுறை, நீர்மட்டத்தோடு சேர்த்து அளக்கப் போகிறோம்.